வலங்கைமான் வரை

9 அக்டோபர் 2024, புதன்

காய்ச்சல் 99.8. சளி இல்லை, வறட்டு இருமல். நேற்றைவிட அதிகம்.

பக்கத்து டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் ஐந்து நாளும் முடிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. "மழைக்காலம், நெஞ்சுச்சளிதான், இன்னொரு கோர்ஸ் போடுவோம்" என்கிறார். அப்பாவின் கேன்சருக்குக் கொடுத்த கதிர் சிகிச்சை முடிந்து ஏழு வாரம் ஆகப்போகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். எழுதிக்கொண்டே தலையாட்டினார்.

ஆகஸ்ட் 23 கடைசி நடை. அப்பா அப்படித்தான் சொல்வார். முப்பது நடை கதிர், வாரம் ஒரு கீமோ. அன்றைக்கு எல்லாரும் "முடிஞ்சுது, இனிமே கவலை இல்ல" என்றார்கள். நானும் சொன்னேன். சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தவரை தினமும் யாராவது அவரைப் பார்த்தார்கள், எடை போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். இங்கே வந்த பிறகு பார்ப்பதற்கு நானும் அம்மாவும் ஒரு ஆக்சிமீட்டரும்தான்.

11 அக்டோபர்

ஆயுத பூஜை. அப்பாவின் கண்டக்டர் தோல்பையைத் துடைத்து வைத்தேன். விசிலுக்கு அவரே பொட்டு வைத்தார்.

12 அக்டோபர், இரவு

பாத்ரூம் போய்த் திரும்பியதும் ஆக்சிஜன் 88. உட்கார்ந்த பிறகு 91. மறுபடி விரலை மாற்றிப் போட்டேன், 90. தம்பிக்குப் போன் செய்தேன்.

15 அக்டோபர், செவ்வாய்

நேற்று தஞ்சாவூரில் சிடி ஸ்கேன் எடுத்தோம். தம்பி இன்று அதைச் சென்னையில் டாக்டரிடம் காட்டிவிட்டு அங்கிருந்தே போனை அவர் கையில் கொடுத்தான்.

கிருமி இல்லையாம். கதிர் பாய்ந்த பாதையிலேயே நுரையீரல் வெந்து வீங்கியிருக்கிறது. ரேடியேஷன் நிமோனைட்டிஸ். கதிர் முடிந்து ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இப்படி வரலாம். ஸ்டீராய்டு 40 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு. நாமாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"கட்டி திரும்பலையே சார்?"

"வீக்கம் இருக்கும்போது அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. இது வடியட்டும். டிசம்பர்ல பெட் ஸ்கேன் எடுப்போம்."

டிசம்பர்.

18 அக்டோபர்

காய்ச்சல் இல்லை. இருமல் பாதி. 93. மூன்றே நாளில் இப்படி மாறுமா? பத்து நாள் வீணாக்கிவிட்டேன். முதல் நாளே சென்னைக்குப் போன் போட்டிருக்க வேண்டும். டாக்டர் தலையாட்டியபோதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

22 அக்டோபர்

ராத்திரி இரண்டு மணிக்கு டங் என்று ஒரு சத்தம். அப்பாவின் குரல் இன்னும் கம்மலாகத்தான் இருக்கிறது, கூப்பிட்டால் அடுத்த அறைக்குக் கேட்காது. அதனால் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் தலைமாட்டில் வைத்திருக்கிறோம். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் ஒன்றுமில்லை, நீ போ. பஸ்ஸில் ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் கிளம்ப. அவரே வைத்த கணக்கு.

ஓடிப் போனேன். "பசிக்குது. ஒரு தோசை வார்த்துத் தர்றியா?"

ஸ்டீராய்டு பசி. கதிர் நாட்களில் தண்ணீர் விழுங்கவே கண்ணில் நீர் வரும் அவருக்கு. ஆறின கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினோம். 61 கிலோ 52 ஆனது. இப்போது அடுப்படியில் நின்று, ஓரம் சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். மூன்று தோசை சாப்பிட்டார். நான்காவது கேட்டார். சர்க்கரை ஞாபகம் வந்தது. தரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

காலையில் சர்க்கரை 286. அந்த நான்காவது தோசையைக் கொடுத்திருக்கலாம் என்றுதான் இருக்கிறது.

26 அக்டோபர்

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து ஊதுகுழல். ஊதுகுழல் என்கிறோமே தவிர, ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். 600, 900, 1200 என்று குறி போட்டிருக்கிறது. முதல் பந்து ஏறுகிறது. இரண்டாவது பாதி வரை ஏறி நடுங்கி விழுகிறது. மூன்றாவது அசையக்கூட இல்லை.

நான் பக்கத்தில் நின்றால் அவர் சரியாகச் செய்வதில்லை. "நீ போயேன் பாப்பா."

31 அக்டோபர், தீபாவளி

காலை ஆறிலிருந்து ஏழு, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு. அரசு கொடுத்த நேரம் அவ்வளவுதான், யார் கேட்கிறார்கள். நேற்றே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளைகள் தெருக்கோடிக்குப் போய்த்தான் வெடித்தார்கள். எதிர்வீட்டுச் சின்னவன் மத்தாப்பைக்கூட அங்கே கொண்டுபோய்க் கொளுத்தினான். அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள்.

ஜன்னலெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டு. அப்பாவுக்குக் கோபம். "வருஷத்துல ஒரு நாளு, வெடி வாசனைகூடக் கூடாதா?" எரிச்சலும் இந்த மாத்திரையால்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெரிந்தும் நானும் கத்திவிட்டேன். புதுவேட்டியைக் கட்டவே இல்லை அவர்.

1 நவம்பர்

95. காலையில் புதுவேட்டி கட்டியிருந்தார்.

3 நவம்பர், ஞாயிறு

பார்க்க வந்த உறவுக்காரர் வாசலிலேயே கேட்டார். "பீடி பிடிப்பாரோ?"

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது. தமக்கு வராது என்ற நிம்மதி. அப்பா 2011-லேயே விட்டுவிட்டார் என்று நான் சொல்வது அவர்கள் காதில் ஏறுவதில்லை. பீடியே தொடாத பெண்கள் எத்தனை பேர் அந்த வராண்டாவில் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள் என்றும் சொல்லலாம். சொல்வதில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன். பீடி வாங்க நான்தான் போவேன். ஆறு ஏழு வயது இருக்கும். டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பையிலிருந்து சில்லறை எடுத்துத் தருவார். நான்கு வீடு தள்ளிப் பெட்டிக்கடை. பீடிக்கட்டு சூடாக இருக்கும், கடைக்காரர் அதை வெயில்படும் இடத்தில் வைத்திருப்பார். மீதிக் காசுக்குத் தேன்மிட்டாய். கட்டை ஒரு கையிலும் மிட்டாயை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஓடி வருவேன். அந்த மிட்டாய்க்காகவே, "அப்பா, பீடி தீந்துடுச்சா?" என்று நானாகப் போய்க் கேட்ட நாட்களும் உண்டு.

எத்தனை கட்டு இருக்கும்?

8 நவம்பர்

மாத்திரை நான்கிலிருந்து மூன்று. உப்பியிருந்த முகம் கொஞ்சம் வாடியது போல இருக்கிறது. 94.

14 நவம்பர்

அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். கூடத்திலிருந்து கொல்லைக்கதவு வரை போய்த் திரும்பினால் சாக்கோட்டை. மூன்று தடவை நடந்தால் வலங்கைமான். ஐந்து என்றால் ஆலங்குடி. அப்புறம் நீடாமங்கலம், மன்னார்குடி. இருபத்தாறு வருடம் அவர் போன ரூட். இன்று சாக்கோட்டையைத் தாண்டி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, "வண்டி ஹீட்டாயிடுச்சு" என்றார்.

விரலில் மாட்டிப் பார்த்தேன், 89. அவர் மூச்சு அடங்கும்வரை காத்திருக்காமல் மாட்டியது தப்பு. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியதே.

19 நவம்பர்

இன்று ஒரு தடவைதான் பார்த்தேன்.

20 நவம்பர்

ஐந்து தடவை.

23 நவம்பர்

கும்பகோணம் ஸ்டேஷன் கவுன்டரில் டிசம்பர் 2-க்கு உழவன் எக்ஸ்பிரஸ் டிக்கெட். ஆஸ்பத்திரி கொடுத்த சலுகைப் படிவத்தைக் காட்டினால் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை.

டிக்கெட்டை அப்பா வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பேருக்கு நேரே நோயின் சலுகை. "ஓசியில ஏறினவன எத்தன பேர எறக்கி விட்டிருக்கேன்." அவ்வளவுதான். டிக்கெட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், மடிப்பை நகத்தால் அழுத்தி, கண்டக்டர் மடிப்பது போலவே.

26 நவம்பர்

விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் கரண்ட் போய் ஐந்து மணி நேரம். வாடகை ஆக்சிஜன் மெஷின் நின்றதும் வீடு ஒரேயடியாக அமைதியானது. நடக்கும்போதும் தூங்கும்போதும்தான் அவருக்கு அது தேவை என்று தெரியும். சிலிண்டரும் தயாராக இருந்தது. ஆனாலும் அந்த ஐந்து மணி நேரம் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருட்டில் சொன்னேன். பீடி, தேன்மிட்டாய், எல்லாம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்தக் கம்மல் குரலில், "நீ போகலன்னா நான் போயிருப்பேன். நாலு வூடுதானே."

மழை சத்தத்தில் அதற்கு மேல் சொன்னது கேட்கவில்லை. திரும்பக் கேட்கவும் இல்லை.

2 டிசம்பர், திங்கள்

விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம். ஃபெஞ்சல் புயல் தண்ணீர். ரயில்கள் அங்கங்கே நிற்கின்றன. தம்பி வராதே என்கிறான். ஸ்கேன் 10-ஆம் தேதிக்கு மாறிவிட்டது. கட்டி வைத்த பையைப் பிரிக்கவில்லை.

இன்னும் எட்டு நாள். எட்டு நாளில் அது வளருமா? இதை யாரிடம் கேட்பது?

5 டிசம்பர்

வலங்கைமான். 92. இரண்டாவது பந்து ஏறி நின்றது, நான் எண்ணி முடிக்கும்வரை.

10 டிசம்பர், சென்னை

நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். காலையில் சர்க்கரை 164, 200-க்குள் இருந்தால் போதும் என்றார்கள். ஊசி போட்டு ஒரு மணி நேரம் தனி அறை. பேசக்கூடாது, அசையக்கூடாது. கதவு சாத்தியதும் நான் வெளியே பெஞ்சில். அந்த அறையில் டம்ளர் இல்லை, ஸ்பூன் இல்லை.

முடிந்து வந்ததும் தம்பியின் குழந்தையைத் தூக்கக் கை நீட்டினார். இன்றைக்குக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார், மருந்தின் கதிர் உடம்பில் இருக்குமாம். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

11 டிசம்பர்

ரிப்போர்ட் நாளைக்கு.

12 டிசம்பர், வியாழன்

வெளியே நல்ல மழை. தம்பி ரிப்போர்ட் வாங்கப் போயிருக்கிறான். பத்தரைக்கு வரச் சொன்னார்களாம். அப்பாவுக்கு இரண்டு இட்லி, மாத்திரை ஒன்று. 95.

11.20. போன் வரவில்லை. போனைச் சார்ஜில் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

அப்பா விரலை நீட்டினார். ஆக்சிமீட்டரை எடுத்தேன். "அது இல்ல. நகம் வளந்து கெடக்கு பாரு, வெட்டி வுடு."

இடது கை முடிந்தது.