ஷார்ட் வந்தால் நம்ம கை

ஆவணி வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். திதியை ஊரில் கொடுப்பதா, இங்கே மும்பை சயானிலேயே கொடுப்பதா என்று அண்ணனும் நானும் போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவன் திடீரென்று, "அந்த பிரைவேட் கேஷ் நோட்டு உன்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டான். இரண்டு நாளாக வேறு நினைப்பே இல்லை.

அம்மா மத்திய ரயில்வேயில் புக்கிங் கிளார்க். அப்பா மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார், 1986-இல் இறந்துவிட்டார், எனக்கு அப்போது ஆறு வயது, அண்ணனுக்கு ஒன்பது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கே வந்துவிடு என்றுதான் சொந்தபந்தம் எல்லாம் சொன்னது. அம்மா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், கடைக்குப் போய்வரும் அளவுக்கு இந்தி, மராத்தி அதுகூட இல்லை. கருணை வேலைக்கு எழுதிப் போட்டாள். ஆச்சியை ஊரிலிருந்து வரவழைத்து எங்களை ஒப்படைத்துவிட்டு பூசாவலுக்கு ட்ரெயினிங் போனாள். திரும்பி வந்தபோது ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகத் தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்று ஆச்சி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாதி உண்மை இருக்கலாம்.

மும்பை லோக்கல் ரயிலின் ஹார்பர் லைனில் ஒரு ஸ்டேஷன். அப்போதெல்லாம் அட்டை டிக்கெட். ஸ்டாண்டில் அடுக்கடுக்காக இருக்கும், ஒன்றை உருவி டேட்டிங் மெஷினில் டக்கென்று இழுத்துத் தேதி குத்திக் கண்ணாடிக்குக் கீழே உள்ள ஓட்டை வழியே சில்லறையோடு தள்ள வேண்டும், அடுத்த ஆள் அதற்குள் கையை நீட்டியிருப்பான். ஷிப்ட் முடிந்ததும் விற்ற டிக்கெட் நம்பரும் பெட்டியில் உள்ள பணமும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கிளார்க் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கூடினால் அது ரயில்வேக்கு. "ஷார்ட் வந்தா நம்ம கை, எக்ஸஸ் வந்தா அவங்க பை" என்று அம்மா சொல்வாள். வரும்போது தலையில் பூ இல்லையென்றால் அன்றைக்கு ஷார்ட் என்று அர்த்தம், அண்ணனும் நானும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம்.

பிரைவேட் கேஷ் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டூட்டியில் உட்காரும் முன் சொந்தப் பணம் எவ்வளவு கையில் இருக்கிறது என்று ஒரு ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விஜிலன்ஸ்காரர்கள் எந்த நேரமும் வந்து எண்ணிப் பார்ப்பார்கள், எழுதினதற்கு மேல் இருந்தால் பதில் சொல்லி மாளாது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பிக்னிக் போக 25 ரூபாய் கேட்டார்கள், மறுநாள் காலையில் கட்ட வேண்டும், முதல்நாள் சாயங்காலம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நேராக ஸ்டேஷனுக்கு ஓடினேன். கவுன்டருக்குப் பின்னால் உள்ள கதவைத் தட்டினேன். அம்மாவுக்கு முன்னால் டிராயர் நிறைய நோட்டு.

"ஏட்டி, அது என் பணமாட்டி? நான் இன்னைக்கு எழுதினது பன்னெண்டு ரூவா. போய் பெஞ்சில உக்காரு."

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பணம் வைத்துக்கொண்டு இல்லை என்கிறாளே என்று அப்படி ஒரு கோபம். கணக்கை ஒப்படைத்துவிட்டு வந்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் வாங்கித்தான் 25 ரூபாய் கொடுத்தாள். பிக்னிக் எங்கே போனோம் என்பது மறந்துவிட்டது, பெஞ்ச் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

2005 ஜூலை 26 மும்பைக்காரர்கள் யாருக்கும் மறக்காது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. சாதாரண மழைக்கே எங்கள் சயானும் கிங்ஸ் சர்க்கிளும் முழங்கால் தண்ணீர், அன்றைக்குச் சொல்லவே வேண்டாம். ரயில் நின்றுவிட்டது, போன் கிடைக்கவில்லை, அம்மா டூட்டியில். இரவு முழுக்க அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு தடவை போய்ப் பார்த்துப் பாதியிலேயே திரும்பினான். மறுநாள் சாயங்காலம் தண்டவாளத்தோரமாக நடந்தே வந்து சேர்ந்தாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மாற்ற வேண்டிய ஆள் வந்து சேரவில்லையாம். கேஷை விட்டுவிட்டு எப்படி வருவது என்று எங்களையே கேட்டாள். நான் கத்தினேன். அண்ணன் வென்னீர் வைத்துக் கொடுத்தான்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, டேட்டிங் மெஷின் போயிற்று. 2017 மே மாதம் ரிடையர் ஆனாள். இரண்டு மாதம் கழித்து மாட்டுங்கா ஸ்டேஷனைப் பெண்களே முழுக்க நடத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, "முப்பது வருஷமா நாங்க என்ன பல்லாங்குழியா ஆடினோம்?" என்றாள். ஆனால் அந்த வாரமே பிளாட்பார்ம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒருநாள் பூக்காரியிடம் பழக்கதோஷத்தில், "சுட்டா தோ, சுட்டா" என்று இந்தியில் சில்லறை கேட்டு அதட்டினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சட்டென்று திரும்பி, "மேடம், நீங்க டிக்கெட் கவுன்டர்ல இருந்தீங்களா?" என்றார். வருஷக்கணக்காக அவளிடம் சீசன் எடுத்தவராம். முகம் ஞாபகம் இல்லை, குரல்தான். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் கையும் வளையலும்தானே தெரியும். அம்மா வழி நெடுக அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரிடையர் ஆன பிறகும் வெளியே கிளம்பும் முன் பர்ஸில் உள்ளதை எண்ணி ஒரு நீள நோட்டில் தேதி போட்டு எழுதுவாள், கீழே கையெழுத்து. காய் வாங்கப் போனாலும் அப்படித்தான். "விஜிலன்ஸ் வருதும்மா" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

போன வருஷம் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, ஆட்டோ வாசலில் நிற்கிறது, அவள் நோட்டைக் கேட்டாள். கை நடுங்கியதால் என்னை எழுதச் சொன்னாள். 340 ரூபாய். கையெழுத்து மட்டும் அவளே போட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்து பதினாறாம் நாளுக்குப் பிறகு பர்ஸைத் திறந்து எண்ணினேன். 330 இருந்தது. ஆஸ்பத்திரியில் யாருக்காவது டீக்குக் கொடுத்திருப்பாள். என் பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து உள்ளே வைத்து மூடினேன்.