வலப்பக்கம் திரும்பினால் மட்டும்

போன ஆவணியில் ஒரு ராத்திரி பெரம்பூரில் கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் வலது பக்கம் புரண்டு படுத்தேன். மொபைல் வெளிச்சத்தில் மேலே பார்த்தால், நின்றுபோன ஃபேன் சுற்றுகிறது. ஃபேனோடு பீரோவும் ஜன்னலும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகின்றன. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிஷம் இருக்கும், தானாக அடங்கியது.

இது போதாதென்று இன்னொன்றும் இருந்தது. கண் செருகும் நேரத்தில், இறங்கும்போது ஒரு படி இல்லாமல் கால் நழுவின மாதிரி தோன்றி, உடம்பே தூக்கிவாரிப் போடும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவரும் விழித்துக்கொள்வார். இரண்டும் ஒரே வியாதிதான், மூளையில்தான் ஏதோ கோளாறு என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். படுக்கப் போகவே பயம்.

அம்மா பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தார். மாமியார் அமுக்குவான் பேயை மனதில் வைத்து, "அமுக்குற மாதிரி இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்துபோனார். நான் முதலில் போன கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்கள், நார்மல். கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று காலர் மாட்டி, தலைசுற்றல் மாத்திரை கொடுத்தார்கள். நாற்பதைத் தாண்டிய கழுத்தில் தேய்மானம் தெரிவது சகஜம் என்று பிறகுதான் தெரிந்தது. காலரோடு மூர் மார்க்கெட் ரயிலில் ஏறினால் உட்கார இடம் கிடைத்தது. லாபம் அது ஒன்றுதான்.

எனக்குப் பாரிமுனையில் அக்கவுண்ட்ஸ் வேலை. எதையும் எழுதி வைக்கும் புத்தி. பழைய டைரியில் ஐந்து ராத்திரி பதிந்தேன்: என்ன மணி, எந்தப் பக்கம், எத்தனை விநாடி. வலது பக்கம் திரும்பினால் சுற்றல், முப்பது விநாடி. இடது பக்கம் ஒன்றுமில்லை. தூக்கிப் போடுவது எந்தப் பக்கம் படுத்தாலும் வருகிறது, அதில் சுற்றலே இல்லை. தனித்தனியான இரண்டு கணக்கை ஒரே தலைப்பில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த டைரியோடு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் போனேன். காது கேட்பது குறைந்ததா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, கை கால் மரத்துப்போகிறதா, நடக்கத் தடுமாறுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை என்றதும் மேஜையில் உட்காரவைத்தார். என் தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, "கண்ணை மூடாதீங்கம்மா" என்று சொல்லி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை மேஜை விளிம்புக்கு வெளியே தொங்கியது. இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் அறையே சுழன்றது. நான் அவர் கையைப் பிடித்துக் கத்த, அவரோ என் கண்மணி துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனையாம் இது.

"காதுக்குள்ள இருக்கிற சுண்ணாம்புத் துகள் இடம் மாறிடுச்சும்மா, அவ்வளவுதான்" என்றார். அந்தத் துகள்கள் உள்காதின் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை திரும்பும்போதெல்லாம் அங்கே உள்ள திரவத்தை அசைத்து, தலை சுற்றுவதாக மூளைக்குப் பொய்த்தகவல் போகிறது. மாத்திரை துகளை நகர்த்தாது, தலையைத்தான் திருப்ப வேண்டும். அப்படியே படுத்திருக்க, தலையை இடப்பக்கம் திருப்பினார். அரை நிமிஷம். பிறகு உடம்போடு இடப்பக்கம் உருட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்தார். இன்னொரு அரை நிமிஷம். மெதுவாக எழுப்பி உட்காரவைத்தார். எப்ளி முறை என்று பெயர். எந்தக் காது என்று தெரியாமல் வீடியோ பார்த்துச் செய்தால் வீண்வேலை என்றும் சொன்னார். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை செய்தார். நடுவில் இரண்டு நாள் படகில் நடக்கிற மாதிரி ஒரு தள்ளாட்டம், அதோடு சரி.

தூக்கிவாரிப் போடுவதற்கு மருந்தே இல்லை. தூக்கம் குறைந்து, டீ கூடினால் அதிகமாகுமாம், ஆபத்தில்லை. மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் முடியும்வரை நான் குடிக்கிற டீக்குக் கணக்கே கிடையாது. இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டீ இல்லை.

சுற்றல் திரும்பவும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டைரி தலைமாட்டிலேயே இருக்கிறது. போன வாரம் ஒரு ராத்திரி தூக்கிப் போட்டதில் கட்டிலே அதிர்ந்தது. கணவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார், "எந்தப் பக்கம்?"