சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பாரதம்: கொடியேற்றம் முதல் மஞ்சள் நீர் வரை

ஆடி வாக்கில் சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் ஒரு கொடி ஏறும். அர்ச்சுனன், அனுமன் உருவங்களை எழுதிய கொடி. அன்று தொடங்கும் மகாபாரத விழா ஐப்பசியில் தீமிதியோடு உச்சத்துக்கு வரும். நடுவே ஏறக்குறைய இரண்டரை மாதம். தீமிதி ராத்திரி மட்டும் சைனாடவுன் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்று வருகிறவர்கள் கடைசிக் காட்சிக்கு வந்து கைதட்டியவர்கள்தான்.

கோயிலைப் பற்றிச் சுருக்கமாக: பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் தொடங்கியது; சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில்; 1973-இல் தேசிய நினைவுச்சின்னம். தீமிதி 1840 முதல் நடக்கிறது. மூலவர் மாரியம்மன் என்றாலும் தீமிதி திரௌபதை அம்மனுக்கு உரியது. போர் முடிந்தபின் தீயில் இறங்கித் தன் தூய்மையைக் காட்டியவள் அவள். அவளுக்குத் தனிச் சன்னிதி உண்டு. அர்ச்சுனன் மகன் அரவானுக்கும், காவல் தெய்வமான முத்தாலராஜாவுக்கும் சன்னிதி உண்டு. உள்ளே போனவுடன் அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பாமல் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். அடுத்த வாரங்களில் முற்றத்தில் நடமாடப்போகும் கதைமாந்தர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

வடதமிழ்நாட்டில், விழுப்புரம், திருவண்ணாமலை, செஞ்சி வட்டாரங்களில், திரௌபதை அம்மன் திருவிழா என்றால் மூன்று இழை சேர்ந்து ஓடும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து, கோயில் சடங்கு. காலையில் பிரசங்கியார் சொன்ன கதையை ராத்திரி கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டிக்கொண்டு வேடக்காரர் ஆடுவார். இலங்கையில் பாண்டிருப்பில் வனவாசம் வரைக்கும் ஊரே நடித்துக் காட்டும். சிங்கப்பூரில் விடிய விடியக் கூத்து கிடையாது. பெரும்பாலானோர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், சுற்றிலும் கடைத்தெரு. ஆகவே கூத்து இழை மெலிந்து, சடங்கு இழை நாடகத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. திரௌபதை திருக்கல்யாணம், இராஜசூய யாகம், அர்ச்சுனன் தபசு, அரவான் களபலி, படுகளம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நாளில் வரும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். கோயில் வெளியிடும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்வதே பத்திரம்; பழைய ஆண்டுத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள்.

எங்கே நிற்பது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுகிறார்கள். தமிழ்நாட்டு ஊர்களில் கூத்துக் களரியை அம்மன் சன்னிதியைப் பார்த்தபடி அமைப்பார்கள். முதல் பார்வையாளர் அம்மன், நாமெல்லாம் பக்கத்தில் இருப்பவர்கள். அதே ஆடி, ஆவணியில் வீவக அடுக்குமாடிப் பேட்டைகளில் சீனர்கள் தங்கள் ஏழாம் மாதத்துக்காகக் கெத்தாய் என்னும் பாட்டுக் கச்சேரி மேடை போடுவார்களே, முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டிருப்பார்கள். அது ஆவிகளுக்கு. இரண்டும் ஒரே எண்ணம்தான். கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சன்னிதிக்கும் வேடம் கட்டியவருக்கும் நடுவே போய் நிற்காதீர்கள். பக்கவாட்டில் தூண் ஓரமாக நின்றால் இரண்டு பேரையும் பார்க்கலாம்.

ஒரு நாளுக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் அர்ச்சுனன் தபசுக்குப் போகலாம் என்பேன். பாசுபத அஸ்திரம் கேட்டு அர்ச்சுனன் கயிலைக்குப் போகும் கதை. ஊரில் இதற்கு உயரமான பனைமரத்தை நட்டு, குறுக்குக் கட்டைகளைப் படிகளாக அடித்து, உச்சியில் ஆள் நிற்க ஒரு சிறு பரண் கட்டுவார்கள். அதற்குத் தபசு மரம் என்று பெயர். அர்ச்சுனன் வேடக்காரர் விரதம் இருந்தவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. பாட்டு முடியாமல் அடுத்த படியில் கால் வைக்க மாட்டார். உச்சிக்குப் போனதும் எலுமிச்சை, வில்வ இலை, திருநீறு கீழே விழும். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் அதை முந்தானையில் ஏந்துவார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது பாட்டு நிதானப்படுத்துகிறது. இறங்கும்போது பாட்டு இல்லை, வியர்வையில் உள்ளங்கை வழுக்கும், வேடத் துணி கட்டையில் மாட்டும். பழகிய குழு கீழே இரண்டு பேரை மரத்தடியிலேயே நிறுத்தியிருக்கும். எலுமிச்சை விழும் நேரத்தில் குழந்தையை முன்னால் தள்ளாதீர்கள், நெரிசல் ஒரு நொடியில் வரும்.

களபலி இதற்கு நேர்மாறு. ஆர்ப்பாட்டமே இல்லாமல் உலுக்கிவிடும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தியவர்கள் கண்ணன், அர்ச்சுனன், அரவான் மூவர்தான். முதல் இருவரும் போருக்கு வேண்டும், ஆகவே பையன் பலியாகிறான். உடலில் முப்பத்திரண்டு இடத்தில் சதை அரிந்து காளிக்குக் கொடுத்த பிறகும் பதினெட்டு நாள் போரைப் பார்க்க வரம் வாங்கியவன். சன்னிதியில் அவன் கண் விழித்திருப்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

படுகளத்தில் இறந்த வீரர்களாகப் பக்தர்கள் கிடப்பார்கள். அம்மன் முன்னிலையில் அவர்கள் எழுந்திருக்க வேண்டும். நடிக்கிறோம் என்ற நினைப்பு எங்கே விட்டுப்போகிறது என்று சொல்ல முடியாத கட்டம் இது. மயங்கிக் கிடப்பவரை உறவினர் பதறிப்போய்த் தட்டி எழுப்பக்கூடாது. பக்கத்தில் பொறுப்பாளர் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார். அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதை முடிவதும் துரியோதனன் விழுந்த பிறகுதான். சபதம் முடிந்தது, அடுத்தது தீ.

தீமிதி நாளில் பின்னிரவிலிருந்தே அங்கப்பிரதட்சிணமும் கும்பிடுதண்டமும் நடக்கும். கும்பிடுதண்டம் சில அடி நடந்து விழுந்து வணங்கி எழுவது. பெண்கள் அதிகம் எடுக்கும் வேண்டுதல். இந்தக் கோயிலில் பூக்குழி என்னும் தீக்குழியில் இறங்குவது ஆண்கள் மட்டும். ஈரத் தரையில் திரும்பத் திரும்ப விழுந்து எழும்போது முழங்கால் தோல் உரிந்துவிடும். பருத்திப் புடவையை நன்றாக இறுக்கிக் கட்டுவது உதவும், பட்டும் ஜரிகையும் உதவாது.

இறங்குபவர்கள் கோயிலில் முன்கூட்டியே பதிந்து, காப்புக் கட்டி, சைவ விரதம் இருந்திருப்பார்கள். மாலையில் சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்படும். வழி ஏறக்குறைய 4 கிலோமீட்டர், வெறுங்கால். கரகம் சுமக்கும் தலைமைப் பண்டாரம் (பூசாரி) முன்னால்; மஞ்சள் உடையும் கையில் வேப்பிலையுமாக மற்றவர்கள் பின்னால். பட்டினியோடு வருகிறவர்கள் சோர்ந்து விழுவது தீயில் அல்ல, வரிசையில். நீரும் குடிக்காமல் காய்ந்து வருவது விரதம் ஆகாது.

பூக்குழியில் விறகு மணிக்கணக்காக எரிந்து கனலான பிறகு, நீளக் கழிகளால் அதைப் பரப்பி, தட்டிச் சமன் செய்வார்கள். அனலில் நிற்க முடியாமல் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வேலை செய்வார்கள். அந்த வேலையை உற்றுப் பாருங்கள். கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே சாம்பல் படிந்தால் இன்னும் மெதுவாக. அடி விழும் நேரமும் குறைவு. அதனால்தான் சீரான கனலில் நிதானமாக நடப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அரைகுறையாக எரிந்த கட்டை நடுவில் கிடந்தாலோ, ஓடினாலோ கதை வேறு. ஓடும்போது முன்பாதம் கனலுக்குள் அழுந்தும், விரலிடுக்கில் துண்டு சிக்கும். ஈரக் காலில் கங்கு ஒட்டிக்கொள்ளும். முன்னால் போகிறவர் தடுமாறினால் பின்னால் வருபவரும் நிற்க நேரும், நிற்கும் இடத்தில்தான் கொப்புளம். இடைவெளி விட்டு அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். குழி முடிந்ததும் பாற்குழி. அங்கேயும் கால் வழுக்கும், மெதுவாக இறங்க வேண்டும்.

அம்மன் காப்பாள் என்ற நம்பிக்கைக்கு இதெல்லாம் எதிர்வாதம் அல்ல. ஆனால் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் இறங்க வேண்டாம். சுட்டது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியும். வேண்டுதலைப் பால்குடமாக மாற்றிக்கொள்ளலாம்.

பார்க்க வருபவர்களுக்கு: சைனாடவுன் எம்ஆர்டியில் பகோடா ஸ்திரீட் வாசல் கிட்ட, நெரிசல் என்றால் 2022-இல் திறந்த மேக்ஸ்வெல் நிலையம். ஐப்பசி மழைக்குக் குடையை விரித்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவார், மழைச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கரகம் இறங்கியபின் வரிசை நெடுநேரம் நகரும். ராத்திரி பிந்திப் போனால் இடம் கிடைக்கும். வரிசையில் சீனர் முகங்களையும் பார்ப்பீர்கள், அவர்களிடம் போய் "நீங்கள் ஏன்?" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

தீ அணைந்தாலும் விழா முடியவில்லை. தருமர் வென்ற கதை பாக்கி, மஞ்சள் நீராட்டு பாக்கி. அதற்கு வருகிறவர்கள் பழைய துணியில் வாருங்கள், மாற்று உடுப்பும் கையில் இருக்கட்டும். மஞ்சள் கறை வெள்ளை வேட்டியிலிருந்து போகாது, திரும்பிப் போகும் ரயில் இருக்கையிலிருந்தும் லேசில் போகாது.