ஆச்சி வாசலில் வைத்த கேமரா

போன வாரம் ஒரு தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, நம்ம கலாசாரம், வாழ்க்கைமுறை பத்தி ஒரு பேஜ் ஆரம்பிக்கப் போறேன், எதுல தொடங்கட்டும்?" மார்கழி நெருங்கினால் இந்தக் கேள்வி எனக்கு நிறைய வரும். ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி தட்டி அனுப்புவதைவிட, எனக்கு நடந்ததை இங்கேயே முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் என் பேஜுக்கு "இந்தியப் பண்பாடு" என்றுதான் பெயர். ஒரு நாள் யோகா, ஒரு நாள் மஞ்சள் பால், ஒரு நாள் ஹோலி, ஒரு நாள் தாஜ்மகால். ஹோலியை நான் ஒருமுறைகூட ஆடியதில்லை. எங்கேயோ படித்ததை அழகான படத்தின் மேல் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன், ஆறு மாதம். யாரும் நின்று பார்க்கவில்லை. வேறு நூறு பேஜில் இருப்பதுதானே இதிலும் இருந்தது, எதற்காக நிற்க வேண்டும்?

அந்த மார்கழியில் அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். காலை ஐந்து மணி, தெருவிளக்கு வெளிச்சம். ஆச்சி வாசலைப் பெருக்கி, சாணி கரைத்துத் தெளித்து, ஈரம் சற்று உள்ளே இழுக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இறங்கிப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி. நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8-இல் நிற்கும். மொத்தம் 169 புள்ளி. நான் அப்புறம் வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணினேன், ஆச்சி எண்ணவே இல்லை, கை தானாகப் போனது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பொடி. மற்ற மூன்று விரலும் உள்ளங்கையில் மிச்சப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும், விரல் நுனியில் தீரத் தீர அங்கிருந்து நழுவி வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் கோடு நடுவில் அறுவதில்லை. இத்தனை வருஷம் பார்த்தும் இதை நான் கவனித்ததில்லை, கேமரா வழியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நான் குனிந்து போனை நீட்டியதும் என் நிழல் கோலத்தின் மேல் விழுந்துவிட்டது. "ஏட்டி, வெளிச்சத்தை மறைக்காத. கோலத்தைப் படம் பிடிக்கியா, என் கையைப் பிடிக்கியா?" என்று கேட்டாள். கையைத்தான் என்று சொன்னேன். அன்றைக்குச் சும்மா சொன்னதுதான், ஆனால் இன்றுவரை என் பேஜ் அந்தப் பதிலில்தான் நிற்கிறது.

ஊருக்குத் திரும்பி அந்த நாற்பது நிமிஷத்தை நாற்பது செகண்டாக வெட்டி, ஒரு சினிமாப் பாட்டைப் பின்னால் போட்டு ஏற்றினேன். மறுநாளே காப்புரிமைப் பிரச்சினை வந்து ஒலியை முடக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பாட்டை எடுத்துவிட்டு, போனில் பதிவாகியிருந்த சத்தத்தையே திரும்ப வைத்தேன். விளக்குமாறு தரையில் உரசுவது, சாணித் தண்ணீர் தெளிப்பது, தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி, நடுவில் ஆச்சியின் இருமல். அதற்குத்தான் ஜனங்கள் எழுத ஆரம்பித்தார்கள். "எங்கம்மா வாசல் தெளிக்கிற சத்தத்தைக் கேட்டு ஒன்பது வருஷம் ஆச்சு" என்று துபாயிலிருந்து ஒரு அண்ணன். இப்போதெல்லாம் நான் பாட்டே போடுவதில்லை. (திருப்பாவை பழையதுதானே என்று நிறைய பேர் யாரோ பாடியதை இணையத்திலிருந்து இறக்கி வீடியோவில் வைத்துவிடுகிறார்கள். பாசுரம் முப்பதுக்கும் யாரும் உரிமை கேட்க முடியாது, ஆனால் யாரோ பாடிப் பதிவு செய்த ஒலிக்கு உரிமை உண்டு. வீட்டில் பாடத் தெரிந்தவர் இருந்தால் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.)

அதே வீடியோவின் கடைசியில், ஆச்சி சாணியை உருண்டையாகப் பிடித்து, கோலத்தின் நடுவில் வைத்து, அதில் ஒரு பூசணிப்பூவைச் செருகுவாள். எங்கள் பக்கம் அந்தப் பூவையும் சாணியையும் தினமும் சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைத்து, தை மாதம் சிறுவீட்டுப் பொங்கலன்று தாமிரபரணியில் விடுவோம். இது நெல்லைப் பக்கத்து வழக்கம் என்று நினைத்துத்தான் எழுதியிருந்தேன். ஆந்திராவிலிருந்து ஒரு பெண், "இது எங்கள் கொப்பெம்மா அல்லவா!" என்று தெலுங்கில் எழுதியிருந்தாள். தேடிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது: சங்கராந்தி சமயம், முக்கு (அவர்கள் ஊர்க் கோலம்) போட்ட வாசல், நடுவில் சாணி உருண்டை, மேலே பூசணிப்பூ. அவளுக்குக் கீழே வங்காளத்திலிருந்து ஒருவர், தங்கள் வீட்டு ஆல்பனாவை அரைத்த பச்சரிசி மாவில் விரலை நனைத்துப் போடுவார்கள் என்றார். அது எங்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போடும் மாக்கோலம் மாதிரியே இருந்தது. "இந்தியப் பண்பாடு" என்று பெயர் வைத்து ஆறு மாதம் கத்தியபோது வராத இந்தியா, ஒரு தெருவின் ஒரு வாசலைக் காட்டியதும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பேஜின் பெயரை அன்றைக்கே மாற்றினேன்.

மொழி பற்றியும் கேட்கிறார்கள், இங்கிலீஷில் பேசினால்தான் நிறைய பேர் பார்ப்பார்களா என்று. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைக்கிறார்களே, வில்லேஜ் குக்கிங் சேனல், 2018-இல் தொடங்கியது. 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர் ஆகிவிட்டது. அவர்கள் பேசுவது அந்த ஊர்த் தமிழ்தான். சப்டைட்டில் போடுங்கள், நல்லது. ஆனால் ஆச்சி "கோலப்பொடி" என்று சொல்வதை நீங்கள் "ரங்கோலி பவுடர்" ஆக்காதீர்கள்.

இனி ஒரு விஷயம், இதில் எனக்குக் கோபமே உண்டு. "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று தொடங்கி, எதற்கெடுத்தாலும் ஒரு அறிவியலைக் கட்டிவிடுகிற பழக்கம். நானும் செய்திருக்கிறேன். கோலப் புள்ளிகளில் அதிர்வலை இருக்கிறது என்று எங்கேயோ வாசித்ததை அப்படியே போட்டேன். ஒரு பள்ளி ஆசிரியர், "இதற்கு என்ன ஆதாரம் அம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். என்னிடம் எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டேன். கோலம் எறும்புக்கு உணவு என்கிறோம், பச்சரிசி மாவில் போட்டால் உண்மைதான். இன்று கடையில் வாங்குவது பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி, அதை எந்த எறும்பும் தின்னாது. ஆச்சி கல்பொடியில் ஒரு பிடி அரிசி மாவு கலந்துகொள்வாள், ஏன் என்று கேட்டால் "அதுங்களுக்கும் வேணும்லா" என்பாள். அதையே சொல்லலாம், போதும். அறிவியல்தான் வேண்டுமென்றால் நிஜமாகவே இருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் மற்றவர்களும் கோலத்தை ஒரு இலக்கணமாகப் பிரித்துப் பார்த்து, கணினி வரைகலை பற்றிய ஆய்விதழில் 1974-லேயே எழுதிவிட்டார்கள். வாசலில் உட்கார்ந்த பெண்கள் மனசில் வைத்திருந்த விதிகள்தான் அவை. பொய் சேர்க்கத் தேவையே இல்லை.

அப்புறம் அனுமதி. யார் முகத்தையும் கையையும் எடுத்தாலும் முதலில் கேளுங்கள், எடுத்ததை அவர்களிடம் போட்டுக் காட்டுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். ஒரு கம்பெனி என்னிடம் வந்து, ஆச்சி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு குத்துவிளக்கு பக்கத்தில் கோலம் போட வேண்டும் என்றார்கள். நல்ல பணம். விடியற்காலையில் சாணி தெளிக்கிறவள் பட்டு கட்டமாட்டாள், அவளை அப்படி உட்கார வைத்தால் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது பொய். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இன்றும் வருத்தமில்லை. கோயிலுக்குள் எடுக்கப் போகிறவர்களும் கவனியுங்கள், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களில் செல்போனுக்குத் தடை போடச் சொல்லியிருக்கிறது. கோபுரத்துக்கு வெளியே, தெருவிலும் குளக்கரையிலும் எடுக்க எவ்வளவோ இருக்கிறது.

இந்த வருஷம் ஆச்சிக்கு முட்டி மடங்கவில்லை. சித்திதான் வாசல் தெளிக்கிறாள், ஆச்சி திண்ணையிலிருந்து புள்ளி சொல்கிறாள். போன மாதம் போயிருந்தபோது பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அட்டை கிழிந்த, கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. பக்கத்துக்கு ஒரு கோலம், பென்சில் புள்ளி, மேலே நீல மைக்கோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில், "மேலத்தெரு கணக்குப்பிள்ளை வீட்டில் பார்த்தது", "கல்லிடைக்குறிச்சி கல்யாணத்தில் பார்த்தது" என்று எங்கே கற்றுக்கொண்டாள் என்பதையும் எழுதி வைத்திருக்கிறாள். எதிர்வீட்டுக் கோலத்தை எடுத்து எழுதினாலும் வீட்டுப் பெயரை விடாமல் போட்டிருக்கிறாள் பாருங்கள்.

ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிட்டேன். வருகிற மார்கழி முழுக்க அந்த நோட்டிலிருந்துதான், நாளுக்கு ஒன்று, ஓரக்குறிப்போடு சேர்த்துப் போடப் போகிறேன். சித்தி கை, ஆச்சி குரல். முதல் நாள் எது என்று கேட்டேன். "15 புள்ளி, 8 வரை, அதையே போடுட்டி" என்றாள்.