‘போயிட்டு வரேன்’ சொல்லாமல் கிளம்பிய எட்டு மாதம்

வெல்லம் எங்கள் வீட்டுக்கு வந்தது 2020 ஜூனில். ஊரடங்கால் தெருவே வெறிச்சோடிக் கிடந்த சமயம். நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்பில் நின்றுகொண்டிருந்த ஒரு காருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி அவள். அச்சு வெல்லத்தின் நிறம் என்பதால் அம்மா அந்தப் பெயரை வைத்தார். பெயர் வைத்தவர் அவர், வேளைக்குச் சோறு பிசைந்து வைத்தவர் அவர், மதியம் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டவரும் அவர்தான். நானும் அப்போது வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்தேன். ஆக, இரண்டு வயது வரை ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. அதைப் பழக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

2022 ஜூலையில் இரண்டு மாற்றமும் ஒன்றாக வந்தன. கோயம்புத்தூரில் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. அம்மா அங்கே போய்விட்டார். அடுத்த பத்தாவது நாள் எல்லோரும் நேரில் வர வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். பதினொரு மணிக்குக் கீழ் வீட்டு மாமா ஃபோன் செய்தார்.

“ஏம்மா, உன் நாய்க்கு ஏதாவது ஆயிடுத்தா? நீ போனதுலேர்ந்து ஊளை விட்டுண்டே இருக்கு. மாமி ரொம்ப பயந்துட்டா.”

மாமாவுக்கு அப்போதுதான் இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நாய் ஊளையிட்டால் ஆகாது என்று நினைக்கிற வீட்டில், தலைக்கு மேலே நாள் முழுக்க ஊளை. மாமி பயந்ததில் தப்பே இல்லை.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது ஹால் முழுக்கத் தலையணைப் பஞ்சு. கதவின் கீழ்ப்பகுதியில் பெயின்ட் உரிந்து மரம் தெரிந்தது. நிலையைக் கடித்துச் சிராய் சிராயாகப் பெயர்த்திருந்தாள். வாசலை ஒட்டி மூத்திரம். எனக்குக் கோபம் தலைக்கேறிச் சத்தம் போட்டேன். அவள் காதை ஒட்ட மடக்கி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினாள். தப்பு செய்தது அவளுக்கே தெரிகிறது பார் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. நாய்களின் இந்தக் ‘குற்ற முக’த்தை அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆராய்ந்து 2009-ல் எழுதியிருப்பதைப் பின்னால் படித்தேன். தொடாதே என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் தொடர்பு இல்லையாம். வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வந்துவிடும், ஒன்றுமே செய்யாத நாய்க்கும்கூட. பகல் முழுக்கப் பயந்து கிடந்தவளுக்கு, வீடு திரும்பிய நான் இன்னொரு பயத்தைக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு வாரம் யார் என்ன சொன்னாலும் செய்து பார்த்தேன். டிவியை ஓடவிட்டுப் போனேன். விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடத்திக் களைக்க வைத்தேன். களைத்த உடம்போடும் ஊளையிட்டாள். கூண்டில் விட்டால் அடங்கிவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்ல, கம்பிக் கூண்டு வாங்கினேன். இரண்டாம் நாள் திரும்பி வந்தபோது ஒரு கம்பி வளைந்திருந்தது; முன்னங்காலில் ஒரு நகம் பெயர்ந்து, ஈறில் ரத்தம். அன்று ராத்திரியே கூண்டை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். குட்டியிலிருந்து பழகிய நாய்க்குக் கூண்டு நிம்மதியான இடமாக இருக்கலாம். பதறுகிற நாயை அதில் பூட்டவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்புறம்தான் பழைய ஃபோனை டிவி மேஜையில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. நான் கதவைச் சாத்தியதும் அப்படியே நிற்கிறாள். கதவுக்குக் கீழே உள்ள இடுக்கில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து முகர்கிறாள். பால்கனிக்கு ஓடுகிறாள், மறுபடி கதவுக்கு வருகிறாள், மறுபடி பால்கனி. நான்காவது நிமிடம் தலையைத் தூக்கி, வாயைக் குவித்து முதல் ஊளை. நெஞ்சுக்கூடு முழுக்க அதிர்கிறது. தாடையிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிகிறது. இருபதாவது நிமிடத்தில் தரையில் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். கிளம்பும்போது நான் வைத்துவிட்டுப் போன கோழிக்கறித் துண்டு அங்கேயே கிடக்கிறது. அதை மிதித்துக்கொண்டுதான் நடக்கிறாள், ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. நான் வந்த பிறகு முதல் வேலையாக அதைத் தின்றாள்.

விட்டுப் போனதற்குப் பழிவாங்குகிற நாய் கறித்துண்டை விட்டுவைக்குமா? அந்த நிமிடத்தோடு என் கோபம் போய்விட்டது.

எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் முதலில் மூத்திரத்தையும் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொன்னார். மூத்திரப்பையில் தொற்று இருந்தாலும், எங்காவது வலி இருந்தாலும் நாய் இப்படி நடந்துகொள்ளலாமாம். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் வீடியோவைப் பொறுமையாகப் பார்த்தார்.

“இது பிடிவாதம் இல்லைங்க, பதற்றம். நீங்க போன அரை மணி நேரத்துக்குள்ளேயே உச்சத்துக்குப் போயிடுது பாருங்க. கடிச்சதெல்லாம் கதவையும் நிலையையும்தான். வெளியே வந்து உங்களைத் தேடணும்னு பார்க்குது.”

மூன்று விஷயம் சொன்னார். முதலாவது, இனி எதற்கும் திட்டக் கூடாது. இரண்டாவது, தனிமையை நொடிக்கணக்கிலிருந்து பழக்க வேண்டும்; பழகி முடிக்கும் வரை, அவளால் தாங்க முடிகிற நேரத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தனியாக விடக் கூடாது. மூன்றாவது, ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மாத்திரை. மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். அமெரிக்காவில் நாய்களின் இந்தப் பிரச்சினைக்கென்றே 2007-ல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், ஆரம்பத்தில் பசி குறையலாம் என்றார். எனக்குத் தயக்கம்தான். “நாய்க்கு மனசுக்கு மாத்திரையா?” என்று அம்மாவும் ஃபோனில் கேட்டார். டாக்டரிடமே சொன்னேன். “நடுங்கிட்டே இருக்கிற உயிர் எதையும் கத்துக்காதுங்க” என்றார். ஒத்துக்கொண்டேன். சரியான முடிவு அது. அளவு அவள் எடையைப் பார்த்து அவர் எழுதிக் கொடுத்தது. வீட்டில் இருக்கிற மாத்திரையை யாரும் தாமாக எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது விஷயம்தான் மலைப்பாக இருந்தது. வேலைக்குப் போகிறவள் நாயைத் தனியாக விடாமல் எப்படி இருப்பது? கெஞ்சிக் கேட்டதில் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. மீதி மூன்று நாளுக்கு வழி தெரியாமல் நின்றபோது எதிர் வீட்டுப் பெண்ணே வந்து கேட்டாள். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். அவள் வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள், எந்நேரமும் டிவி. “அக்கா, உங்க வீட்டுல உட்கார்ந்து படிச்சுக்கட்டுமா? வெல்லத்தையும் பார்த்துக்கறேன்” என்றாள். அவளுக்கு அமைதியான அறை, எனக்கு ஆள். அந்தப் பெண் இல்லையென்றால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

பழக்கும் வேலையைக் கதவில் ஆரம்பிக்கவில்லை. நான் கிளம்பப் போகிறேன் என்பதை அவள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறாள் என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்தேன். டிபன் பாக்ஸ் மூடி ‘டக்’கென்று மாட்டும் சத்தம். ஹெல்மெட். ஸ்கூட்டர் சாவி. எல்லாவற்றையும்விட, ‘போயிட்டு வரேன்’ என்ற வார்த்தை. எங்கள் வீட்டில் ‘போறேன்’ என்று யாரும் சொல்ல மாட்டோம். அம்மா தெருமுனைக் கடைக்குப் போனாலும் வெல்லத்தின் தலையைத் தடவி, “போயிட்டு வரேன்டி தங்கம்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார். கோயம்புத்தூர் கிளம்பிய அன்றும் அப்படியே சொன்னார். அதற்கப்புறம் அந்த வார்த்தை காதில் விழுந்தாலே இவளுக்கு நடுக்கம்.

அந்த வார்த்தையை நிறுத்தினேன். மற்றவற்றை, எங்கும் போகாமலே திரும்பத் திரும்பச் செய்தேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவப் போவேன். சாவியை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கினேன். முதல் சில நாள் ஒவ்வொன்றுக்கும் துள்ளி எழுந்தாள். மூன்றாவது வாரம் ஹெல்மெட்டை எடுத்தபோது ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

அப்புறம் கதவு. முதல் நாள் திறந்து மூடினேன், அவ்வளவுதான். மறுநாள் வெளியே ஒரு நொடி. பிறகு மூன்று, ஐந்து. மாடிப்படியில் உட்கார்ந்து ஃபோனில் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஊளை வரும் வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். பயம் அதற்கு முன்னாலேயே உடம்பில் தெரியும்: உதட்டை நக்குவாள், தூக்கம் வராமலே கொட்டாவி விடுவாள், கண் ஓரத்தில் வெள்ளை தெரியும், ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதில் ஒன்றைப் பார்த்தாலும் உள்ளே போய்விடுவேன். போனதும் கொஞ்ச மாட்டேன், சாதாரணமாக நடந்து சமையலறைக்குப் போவேன். நேரத்தை ஏறுவரிசையில் கூட்டிக்கொண்டும் போகவில்லை. எட்டு நொடி, மூன்று, பன்னிரண்டு, ஐந்து என்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாது.

கீழ் வீட்டுக்கு அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு போனேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தார். “பாவம்டி, குழந்தை மாதிரின்னா தேடறது” என்றார். அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து புகார் ஃபோன் வரவில்லை. மாமியிடமிருந்துதான் வரும், “இன்னிக்குச் சத்தமே இல்லை” என்று.

ஆகஸ்ட் கடைசியில் 40 நொடி. செப்டம்பர் கடைசியில் ஒன்பது நிமிடம். அக்டோபர் 20-ஆம் தேதி 22 நிமிடம். தெருமுனைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தேன். 24-ஆம் தேதி தீபாவளி. இரண்டு நாள் வெடிச் சத்தத்தில் குளியலறை மூலையிலேயே கிடந்தாள். அது அடங்கிய பிறகு கதவை மூடிப் பார்த்தால் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெடிக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாளுக்கென்று தனியாக ஒரு மருந்து கொடுத்திருப்பேன் என்றார் டாக்டர். நாய் வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னதாகவே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மறுபடி நொடிகளிலிருந்து. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகவே ஏறினாள். பொங்கல் சமயத்தில் 40 நிமிடத்தைத் தொட்டோம். அதைத் தாண்டுவதுதான் கடினம், தாண்டிவிட்டால் சீக்கிரம் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அப்படியே நடந்தது. ஒரு மணி, இரண்டு மணி, மார்ச் கடைசியில் நான்கு மணி நேரம். ஜனவரியில் ஒரு நாள் பார்த்ததை மறக்க மாட்டேன். அம்மாவின் பழைய நூல் புடவையை மடித்துப் போட்டிருந்த இடத்தில் மூன்று சுற்று சுற்றி உட்கார்ந்தாள். லிஃப்ட் கதவு சத்தம் கேட்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். தாடையைக் காலின் மேல் இறக்கி மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கண் சொருகியது. தயிர் சாதம் அடைத்து உறையவைத்த ரப்பர் பொம்மை பக்கத்திலேயே, நக்கிச் சுத்தமாக. நான் இல்லாதபோது அவள் வாய் வைத்த முதல் சாப்பாடு அது.

துணைக்கு இன்னொரு நாய் வாங்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். அவள் தேடியது மனிதரை; எதிர் வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தால் போதும், அடங்கிவிடுவாள். இன்னொரு நாய் வந்திருந்தால் பயந்த நாய் இரண்டாகியிருக்கவும் கூடும்.

2023 மே மாதம் அம்மா பத்து நாள் வந்து தங்கினார். வெல்லம் அவர் காலடியை விட்டு நகரவில்லை. திரும்பும் நாள் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ். நான்தான் சென்ட்ரல் வரை கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். சொல்லாமல் கிளம்புங்கள் என்று அம்மாவிடம் பத்துத் தடவை சொல்லியிருந்தேன். வாசலில் செருப்பை மாட்டியவர், பழக்கதோஷத்தில் குனிந்து அவள் தலையைத் தடவினார்.

“போயிட்டு வரேன்டி தங்கம்.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார். கதவைச் சாத்தினேன்.

காரில் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். கதவிடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தாள். ஒரு தடவை முனகினாள். உதட்டை நக்கினாள். வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று அம்மா கேட்டார். ஆறாவது நிமிடம் கதவை விட்டு நகர்ந்தாள். பால்கனிக்குப் போகவில்லை. புடவை மடிப்பைக் காலால் கிளறினாள், சுற்றினாள், படுத்தாள்.

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்த பிறகும் அம்மா என் ஃபோனைத் தரவில்லை. வண்டி நகர ஆரம்பித்தபோதுதான் கம்பி வழியாக நீட்டினார். திரையில் வெல்லம் ஒருக்களித்துக் கிடந்தாள். வயிறு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.