அடக்கி வைத்த கோபம்

பிப்ரவரி 4, 2024

இன்றைய உளவியல் சிகிச்சை வகுப்பில் 'ரெட்ரோஃப்ளெக்‌ஷன்' பற்றிப் பேசினோம். இன்னொருவர் மேல் வரும் கோபத்தைக் காட்ட முடியாமல் தன் மேலேயே திருப்பிக்கொள்வது. தாடை இறுகும், மூச்சு அரைகுறையாக நிற்கும், தோள் வலிக்கும். கெஸ்டால்ட் என்ற உளவியல் சிகிச்சை முறையில் காலி நாற்காலி ஒன்றைப் போட்டு, கோபத்துக்குக் காரணமான ஆள் அதில் உட்கார்ந்திருப்பதாக வைத்துப் பேசச் சொல்வார்கள்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தி அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தால்? அலுவலகத்தில் அவள் குரல் சற்று உயர்ந்தாலே 'கோபக்காரக் கறுப்பி' என்று முத்திரை குத்துவார்கள். போலீஸ்காரர் முன்னால் என்றால் உயிருக்கே ஆபத்து. கோபத்தை அடக்கப் பழகியதுதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. அதை அவளுடைய குறையாகப் பார்ப்பது அநியாயம்.

பிப்ரவரி 7

அடக்கியதற்கு உடம்பு கொடுக்கும் விலை பெரியது. இனவெறியையும் அது தரும் நெருக்கடிகளையும் ஓயாமல் சமாளிப்பதால் கறுப்பினப் பெண்களின் உடம்பு வயதுக்கு முன்பே தேய்கிறது என்று அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992-இல் எழுதினார். 'வெதரிங்' என்பது அவர் வைத்த பெயர். 2006-இல் அவருடைய குழு ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை போன்ற அளவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஏழைகள் அல்லாத கறுப்பினப் பெண்களின் நிலைகூட ஏழை வெள்ளையினப் பெண்களைவிட மோசமாக இருந்தது. நல்ல சம்பளம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பிப்ரவரி 8

அமெரிக்க உளவியலாளர்கள் மேமி கிளார்க்கும் கென்னத் கிளார்க்கும் நடத்திய பொம்மைச் சோதனை. கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி எது நல்லது என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளிலேயே பலர் வெள்ளைப் பொம்மையைத்தான் 'நல்லது' என்றார்கள். ஊர் சொன்னதை மெல்லாமல் விழுங்கிவிடுவதை கெஸ்டால்ட்டில் 'இன்ட்ரொஜெக்‌ஷன்' என்கிறோம். அந்த வயதிலேயே! மனம் ஆறவில்லை.

பிப்ரவரி 15

கெஸ்டால்ட் சிகிச்சையை உருவாக்கிய ஃபிரிட்ஸ் பெர்ல்ஸும் லாரா பெர்ல்ஸும் நாஜிகளிடமிருந்து தப்பி, நெதர்லாந்து வழியாக 1934-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் போனவர்கள். நிறம் பார்த்து மனிதர்களைப் பிரித்த நாட்டில் பத்து வருடங்களுக்கு மேல் இருந்தார்கள். மனிதரைச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பது அவர்கள் வளர்த்த சிகிச்சையின் அடிப்படை. அப்படியென்றால் இனவெறியும் சிகிச்சை அறைக்குள் இருக்கிறது. சிகிச்சையாளரின் தோல் நிறமும் அந்தச் சூழலில் சேர்த்திதான்.

அதனால் நாற்காலி அப்புறம். அந்தக் கறுப்பினப் பெண் சொல்வதை முதலில் நம்ப வேண்டும். "அது நிறத்தால்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கவே கூடாது. எங்கே கோபத்தைக் காட்டலாம், எங்கே அடக்கலாம் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.