கோட்டில் நிற்காத காந்தாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் நிர்வாகத்தினர், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஆறு நாள் வயலின் வகுப்பு நடத்தித் தரும்படி என்னைக் கேட்டபோது வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கீர்த்தனை வேண்டாம், ரப்பர்த் தோட்டத்துப் பாட்டைச் சொல்லிக்கொடுங்கள். ஈப்போவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வயலின் கற்றுத்தரும் எனக்கு அது சுலபமான வேலையாகத் தோன்றியது. சரளி வரிசையில் தொடங்கி வர்ணம் வரை பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் இழுத்துப் பிடித்து வைத்திருப்பவளுக்கு, ஒரு தாலாட்டும் ஒரு காவடிச் சிந்தும் என்ன பெரிய காரியம் என்ற மிதப்பு. அந்த மிதப்போடுதான் பதினான்கு இரவல் வயலின்களைக் காரில் அடுக்கிக்கொண்டு போனேன்.

வகுப்பு நடந்தது கோயிலை ஒட்டிய மண்டபத்தில். வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட இன்று தோட்டத்தில் குடியிருப்பவர் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்தைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டன. அம்மாவும் அப்பாவும் விடிவதற்குள் தொழிற்சாலைப் பேருந்து ஏறிவிடுவதால், பேரப்பிள்ளையை அழைத்துவரும் பாட்டிமார்கள் வகுப்பு முடியும்வரை மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ரப்பர் பால் வெட்டிய தலைமுறை படியிலும், பால்மரத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்த தலைமுறை பாயிலுமாக இருந்த அந்தக் காட்சியை முதல் மூன்று நாள் நான் கவனிக்கவேயில்லை.

முதல் நாளில் பாதி, தந்தியை முறுக்கும் பிருடைகளோடு மல்லுக்கட்டியே கழிந்தது. குளிர்சாதன அறையில் கிடந்த வயலினின் மரம் வற்றிச் சுருங்கிவிடும். தந்தியை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் பிருடை சர்ரென்று அவிழ்ந்துகொள்ளும். கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பிருடையில் தேய்த்துத்தான் நிறுத்தி வைத்தேன். மறுநாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டதும் அதே பிருடைகள் ஈரத்தில் ஊதித் திருக முடியாதபடி இறுகிவிட்டன. நடுவில் ஒரு வயலினின் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்து தெறித்ததைக் கண்டு, தான்தான் உடைத்துவிட்டதாக எண்ணி ஒரு சிறுமி அழுதாள்.

கடையில் மேற்கத்திய முறைப்படி ஜி, டி, ஏ, இ என்று சுருதி கூட்டித் தந்திருந்ததை நான் ஐந்து கட்டைக்கு ஸ, ப, ஸ, ப என்று மாற்றினேன். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; ஐந்து கட்டை என்பது அவர்களுடைய ஜி. ஆகவே கீழ்த்தந்திகள் இரண்டையும் தொட வேண்டியதில்லை. மேல்தந்திகள் இரண்டையும் ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினால் போதும். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் நாட்டுப்புற மெட்டுகளை வாசிக்கும் பிடில்காரர்களும் சில பாட்டுகளுக்கு இதே ஜி, டி, ஜி, டி கூட்டலை வைத்துக்கொள்வது உண்டு. பாட்டு ஒரு தந்தியில் ஓடும்போது பக்கத்துத் தந்தி சுருதியாகச் சேர்ந்து ஒலிக்கும் வசதி இதில் இருக்கிறது. ஐரோப்பியரின் வயலினைப் பாலுசாமி தீட்சிதர் நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்ததைப் போலவே, மலாய்க்காரர்களும் அதைப் பியோலா என்று தமதாக்கி ரோங்கெங் ஆட்டத்துக்கும் மலாக்காவின் டொண்டாங் சாயாங் பாட்டுக்கும் வாசிக்கிறார்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த டொண்டாங் சாயாங்கைப் பாடுவோரில், தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளும் உண்டு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். “அப்ப நாமளும் வாசிக்கலாமா டீச்சர்?” என்று ஒரு பையன் அனுமதி கேட்பவனைப் போலக் கேட்டான்.

முதலில் எடுத்துக்கொண்டது செஞ்சுருட்டியில் அமைந்த ஒரு காவடிச் சிந்து மெட்டு. செஞ்சுருட்டி மேல் ஸட்ஜத்துக்கு (ஸ) ஏறாமல் நிஷாதத்தோடு (நி) திரும்பிவிடும் ராகமாதலால், இடக்கையை மேலே நகர்த்தாமல் பாட்டு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்து வாசித்துவிடலாம். சின்னக் கைகளுக்கு இதைவிடத் தோதான ராகம் இல்லை.

தவறு இதற்குப் பிறகுதான் நடந்தது. ஆறாம் நாள் மாலை மேடை நிகழ்ச்சி என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. நிர்வாகத் தலைவர் தினமும் காலையில் எட்டிப் பார்த்து, “டீச்சர், ரெடியாயிடுவாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த அவசரத்தில், என் சொந்த மாணவர்களுக்கு ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தேன். சிவப்பு ஒட்டுநாடாவை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, விரல் வைக்கும் பலகையின் குறுக்கே ஒவ்வொரு வயலினுக்கும் நான்கு கோடுகள் ஒட்டினேன்: முதல் கோடு ரிஷபத்துக்கும் (ரி) தைவதத்துக்கும் (த), இரண்டாவது நிஷாதத்துக்கு, மூன்றாவது காந்தாரத்துக்கு (க), நான்காவது மத்தியமத்துக்கு (ம). மேற்கத்திய வகுப்புகளில் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு இப்படி ஒட்டுவது வழக்கம்தான். மூன்றாம் நாள் மதியத்துக்குள் பதினான்கு பேரும் பல்லவியை வாசித்துவிட்டார்கள். தலைவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் தாலாட்டு. தன் பாட்டிக்குத் தோட்டத்துத் தாலாட்டு தெரியும் என்று ஒரு சிறுமி சொன்னதால், படியில் இருந்தவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டேன். அவர் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஏதோ கிடப்பதைப் போல முழங்காலை ஆட்டிக்கொண்டே பாடினார். அவருடைய சுருதி நாலு கட்டையில் நின்றது. எழுபது வயதைத் தாண்டியவரை ஐந்து கட்டைக்கு ஏறச் சொல்ல மனம் வரவில்லை. பேத்தியின் வயலினை மட்டும் இறக்கிக் கொடுத்து, பாட்டியோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னேன்.

இரண்டு அடி போனதும் அந்தப் பிள்ளை வில்லை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “டீச்சர், பாட்டி கோட்டுல நிக்க மாட்டேங்கிறாங்க.”

பாட்டிக்கு விளங்கவில்லை. “எந்தக் கோடும்மா? புள்ளையத் தூங்க வைக்கிறதுக்குக் கோடு எதுக்கு?” என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஆனால் என் வயலினையும் நாலு கட்டைக்கு இறக்கி, அவரை மீண்டும் பாடச் சொல்லிப் பின்தொடர்ந்தபோதுதான் விஷயம் உறைத்தது. அவருடைய காந்தாரம் இரண்டாம் கோட்டுக்கும் மூன்றாம் கோட்டுக்கும் நடுவே இருந்தது. அங்கேயும் அது நிலையாக நிற்கவில்லை: ஏறும்போது மூன்றாம் கோட்டை நெருங்கி, இறங்கும்போது இரண்டாம் கோட்டுப் பக்கம் சாய்ந்து, அடி முடியும் இடத்தில் மூச்சோடு சேர்ந்து வழுக்கி ரிஷபத்தில் படுத்தது. பேத்தியின் காது அதைச் சரியாகவே கேட்டிருக்கிறது. கண் கோட்டைப் பார்த்ததால், பாட்டி தப்பாகப் பாடுகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைக்கும் கமகம், கமகம் என்று ஆண்டு முழுவதும் மாணவர்களிடம் தொண்டை வற்றப் பேசுகிற நான், இங்கே மூன்று நாளில் பதினான்கு பேரின் காதை மூடிவிட்டிருந்தேன்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து நாடாவை உரித்தேன். நாடா வந்துவிட்டது, பசை வரவில்லை. ஸ்பிரிட் பட்டால் பக்கத்து வார்னிஷ் கரைந்துவிடும் என்பதால், கோயில் மடப்பள்ளியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாங்கி, துணியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மலிவான வயலின்களில் அந்தப் பலகை கருங்காலியாக இருப்பதில்லை. வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருப்பார்கள். அந்தச் சாயமும் எண்ணெயோடு கிளம்பி வந்து துணியையும் என் பத்து விரல்களையும் கறுப்பாக்கியது. ஏழரை மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வந்தவர், வண்டி பழுதா என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் வகுப்பு படுமோசம். மூன்றாம் நாள் வாசித்த பல்லவி யாருக்கும் வரவில்லை. “கோடு எங்க டீச்சர்?” என்று வந்தவுடனேயே ஒருவன் அழாத குறையாகக் கேட்டான். வயலின்களைப் பாயில் வைத்துவிட்டுப் பாட்டி பாடப் பாடத் திருப்பிப் பாடச் சொன்னேன். வாயில் பாட்டு வந்தவர் மட்டும் வயலினை எடுக்கலாம் என்றேன். பேத்தியின் வயலினைத் திரும்பவும் ஐந்து கட்டைக்கு ஏற்றியிருந்ததால், பிள்ளைகள் தங்கள் சுருதியிலேயே பாட்டியைத் திருப்பிப் பாடினார்கள். இடைவேளை மைலோ பானம் வருவதற்குள் ஆறு பேர் எடுத்தார்கள். வில்லை அழுத்திக் கிறீச்சிட வைத்துக்கொண்டிருந்த ஒரு பையனின் மணிக்கட்டைப் பாட்டி பிடித்து, “அமுக்காதடா, பட்டையத்தான் சீவணும், மரத்துல காயம் படக் கூடாது” என்றார். உளி ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேலோடு போனால் பால் வராது என்று பால் வெட்டு நுணுக்கத்தையும் விளக்கினார். வில்லைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்த எதையும்விட அந்தப் பையனுக்கு அது வேலை செய்தது.

மேடையில் பாதிப் பேர் சுருதி விலகித்தான் வாசித்தார்கள். காவடிச் சிந்து தள்ளாடியது. தாலாட்டுக்குப் பாட்டியை மேடையேற்ற முடியவில்லை. சேலை நல்லதாக இல்லை என்று மறுத்துவிட்டார். பேத்தி தனியாக வாசித்தாள். காந்தாரத்துக்கு வரும்போதெல்லாம் விரலை மெல்ல நகர்த்தி, முன்வரிசையில் இருந்த பாட்டியின் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்த இடத்தில் நிறுத்தினாள். கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அது விரல் தடுமாறுவதாகவே தெரிந்திருக்கும்.

“அன்னைக்குப் படம் பிடிச்சப்ப நல்லா இருந்துச்சே டீச்சர்?” என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. வரும் விடுமுறைக்குப் பத்து நாள் கேட்டிருக்கிறேன். எட்டு நாள் தருவதாகவும், மேடை நிகழ்ச்சி எப்படியும் உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிக்கும் ஆசிரியருக்குரிய சம்பளம் தரவேண்டும் என்று எழுதியதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.